எலிபெண்டாத் தீவில் ஒரு நாள்

எரிமலைத் தீவு என்றவுடன், கடல் நடுவே புகை கக்கிக்கொண்டு நிற்கும் கூம்பு வடிவான மலையொன்றே மாணவர்களின் மனக்கண்முன் தோன்றும். அவ்வகைத் தீவு நம் நாட்டிலும் உண்டு. முன்னர் போர்ட் பிளேயர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திற்கு வடகிழக்கே, ஏறத்தாழ 135 கிலோமீட்டர் தொலைவில் அந்தமான் கடலில் அமைந்துள்ள பாரன் தீவு அத்தகையதாகும். 1787ஆம் ஆண்டில் அதன் வெடிப்பு பதிவு செய்யப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கிய அம்மலை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உறங்கிக் கிடந்து, 1991ஆம் ஆண்டில் மீண்டும் விழித்தது. எனினும், பள்ளி மாணவர்களை அழைத்துச் சென்று காட்டத்தக்க இடமன்று அது.

எரிமலைக் குழம்பிலிருந்து பிறந்த வேறொரு வகைத் தீவு மும்பைத் துறைமுகத்தின் நீர்ப்பரப்பிலேயே இருக்கிறது. அங்குள்ள மக்கள் அதனைக் காராபுரி என்பர். வெளியுலகம் எலிபெண்டா என அறியும். மும்பையின் அப்பல்லோ பந்தரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இத்தீவு, ராய்கட் மாவட்டத்தின் உரண் வட்டத்தைச் சேர்ந்தது. மாட்டுங்காவிலிருந்து காலையில் புறப்படும் ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களுடன் அங்குச் சென்று, மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். குகைக் கோயிலைக் காண்பதற்கே பெரும்பாலோர் அங்குச் செல்கின்றனர். ஆனால் அத்தீவில் கல்லும், கடலும், சேறும், உயிரினங்களும், மனிதனின் உளியும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தத்தம் வரலாற்றை எழுதி வைத்துள்ளன. தீவு உருவான வரிசையிலேயே அவற்றைப் படித்துச் செல்வோமாயின், ஒவ்வொன்றும் அடுத்ததற்கு விளக்கமாக அமைவதைக் காணலாம். அவ்வாறு படிப்பதற்கு ஆசிரியர்க்கும் கள ஊழியர்க்கும் துணை புரிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

இப்பயணத்திற்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் சிறந்தவை. மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது படகுகள் ஓடா. திங்கட்கிழமைகளில் குகைகள் மூடப்பட்டிருக்கும். மாதத்தையும் கிழமையையும் பார்ப்பதோடு அமையாமல், கடலின் ஓதத்தையும் கணக்கிட வேண்டும். இதனைப் பலர் கருதுவதில்லை.

மும்பைக் கரையில் கடல்நீர் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமி ஆகிய நாள்களையொட்டி ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு 4 மீட்டரையும் கடந்து செல்லும். நம் தமிழகத்துக் கிழக்குக் கரையில் இவ்வேறுபாடு பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவிலேயே நின்றுவிடுகிறது. ஆதலின் சென்னைக் கடற்கரையை மட்டும் அறிந்த மாணவருக்கு இது புதுமையாகத் தோன்றும். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் மும்பையில் நண்பகலையொட்டி நீர் உச்ச நிலையை எய்துகிறது. அன்று பகற்பொழுதில் தீவுக்குச் செல்வோர் கரையோரச் சேற்று நிலத்தைக் காண இயலாது. அது முழுவதும் நீரில் மூழ்கியிருக்கும். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் வீதம் ஓதநேரம் தள்ளிப்போகின்றமையால், ஐந்து நாள் கழித்து, அதாவது பஞ்சமி, சஷ்டி நாள்களில், முற்பகல் 10 மணியையொட்டி நீர் வற்றியிருக்கும். அந்நாள்களில் ஓதத்தின் அளவு குறைவாயினும், கண்டல் மரங்களின் வேர்ப்பகுதி வெளிப்படுவதற்கு அது போதும். துறைமுக ஓத அட்டவணையைப் பார்த்து நேரத்தை உறுதி செய்துகொள்வது நலம். திதிக்கும் கடலுக்கும் உள்ள உறவை மாணவர் தாமே கண்டறிய இது நல்ல வாய்ப்பாகும்.

மாட்டுங்காவிலுள்ள கிங்ஸ் சர்க்கிள் நிலையத்திலிருந்து துறைமுகப் பாதை ரயிலில் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தை அடைந்து, அங்கிருந்து இந்தியாவின் நுழைவாயிலுக்குச் செல்லலாம். அதன் அருகிலுள்ள துறையில் காலை 9 மணி முதல் விசைப்படகுகள் கிடைக்கும். கடற்பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடிக்கும். 2024 டிசம்பர் 18 அன்று இப்பாதையில் சென்ற பயணிகள் படகொன்றின்மீது, எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படையின் விரைவுப் படகு மோதியதில் பதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாணவர்களை அழைத்துச் செல்வோர் இதனை மறத்தலாகாது. படகு துறையை விட்டு நீங்குமுன்னரே ஒவ்வொரு மாணவனும் மாணவியும் மிதவைச் சட்டை அணிந்திருப்பதை ஆசிரியர் நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். படகில் மிகுதியாக ஆட்கள் ஏறியிருப்பின் அடுத்த படகுக்குக் காத்திருப்பதே தக்கது.

கல்லின் கதை

முதற் பாடத்திற்குரிய பொருளைப் படகேறுமுன்னரே மாணவர் காணலாம். ரயில் தண்டவாளத்தின் அடியில் பரப்பப்பட்டிருக்கும் கரிய சரளைக் கல்லும், மும்பையில் வீடு கட்டுவோர் குவித்து வைக்கும் ஜல்லியும் பெரும்பாலும் பசால்ட் என்னும் எரிமலைப் பாறையே. எலிபெண்டாத் தீவும் இப்பாறையினாலானதே.

இங்குத் தமிழாசிரியர் ஒரு சொற்குழப்பத்தை நீக்க வேண்டியிருக்கும். நாம் தமிழகத்தில் கருங்கல் என்று வழங்குவது பெரும்பாலும் கிரானைட் இனத்தைச் சார்ந்த பாறையாகும். அப்பாறை நிலத்தின் ஆழத்தில், மிக மெதுவாகக் குளிர்ந்து இறுகியது. ஆதலின் அதன் கனிமப் பரல்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியனவாக வளர்ந்தன. பசால்ட்டோ, நிலப்பரப்பின்மீது வழிந்தோடிய குழம்பு காற்றுப் பட்டு விரைவில் குளிர்ந்ததனால் உண்டாயிற்று. பரல்கள் வளர்வதற்குக் காலம் இல்லாமற்போனமையால் அது நுண்ணிய பரல்களும் சீரான கருநிறமும் உடையதாக இருக்கிறது. இரண்டும் கரியனவாகத் தோன்றினும் அவற்றின் பிறப்பு வேறு. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் இரண்டு துண்டுகளையும் வைத்துப் பார்த்தால் வேறுபாடு எளிதில் விளங்கும்.

இன்றைக்கு ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், தக்காணத்தின் நிலப்பரப்பில் நீண்ட பிளவுகள் தோன்றின. அவற்றின் வழியாக 1,100 பாகை சென்டிகிரேடுக்கும் மேற்பட்ட வெப்பமுள்ள குழம்பு பெருகி வழிந்தது. கூம்பு வடிவ மலையிலிருந்து வெடித்துச் சிதறாமல், வெள்ளம்போல் பரவிப் படர்ந்து, அடுக்கின்மேல் அடுக்காக அது உறைந்தது. ஓர் அடுக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் நீண்ட காலம் கழிந்ததுமுண்டு. இன்றும் இவ்வடுக்குகள் ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியுள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளில் அவை படிக்கட்டுகளைப்போல் காட்சியளிப்பதனால், சுவீடன் நாட்டு மொழியில் படியைக் குறிக்கும் சொல்லைக்கொண்டு இவற்றைத் தக்காண டிராப் என வழங்கினர். புணே செல்லும் ரயிலில் போர் மலைச்சரிவைக் கடந்தவர்கள் இப்படிகளைக் கண்டிருப்பர்.

எரிமலை நாடெனினும் அந்நிலம் உயிரற்ற பாலையாக இருந்ததில்லை. ஒரு வெள்ளத்திற்கும் அடுத்த வெள்ளத்திற்கும் இடைப்பட்ட அமைதிக் காலத்தில் குட்டைகளும் சதுப்பு நிலங்களும் தோன்றின. மும்பையின் வர்ளிக் குன்றில், குழம்படுக்குகளுக்கு இடையிலுள்ள படிவுகளில் சிறு தவளையினம் ஒன்றின் புதைபடிவங்கள் கிடைத்தன. அவற்றை 1847ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஓவன் என்னும் ஆங்கில விஞ்ஞானி விவரித்தார். இன்று அவ்வினம் இந்தோபத்ராக்கஸ் என்னும் பெயரால் வழங்கப்படுகிறது. எரிமலைகளுக்கிடையே தவளைகள் வாழ்ந்தன என்னும் செய்தி, எரிமலை என்றால் அழிவு மட்டுமே என்று எண்ணும் மாணவரின் கருத்தைத் திருத்தும்.

தீவின் கரையிலும் பாதையோரத்திலும் வெளிப்பட்டுள்ள பாறையில் மூன்று செய்திகளைத் தேடுமாறு மாணவரைத் தூண்டலாம். முதலாவது, சிறு கண்ணறைகள்: குழம்பிலிருந்து வெளியேற முயன்ற வாயுக் குமிழிகள் விட்டுச்சென்ற துளைகள் இவை. தக்காணப் பாறைகளில் இத்துளைகள் பிற்காலத்தில் வெண்ணிறக் கனிமங்களால் நிரம்பியிருப்பதைப் பல இடங்களில் காணலாம். இரண்டாவது, வெடிப்புகள்: குளிரும் பாறை சுருங்குவதனால் இவை உண்டாகின்றன. மூன்றாவது, அடுக்குகளுக்கு இடையே ஓடும் செந்நிறப் படலம்: ஓர் அடுக்கின் மேற்பரப்பு, அடுத்த குழம்பு வந்து மூடுமுன் வெயிலிலும் மழையிலும் சிதைந்து மண்ணாக மாறியதன் அடையாளம் அது. இவற்றுள் வெடிப்புகளைப் பற்றிய குறிப்பை மாணவர் தனியே எழுதி வைத்துக்கொள்ளட்டும். குகைக்குள் அது தேவைப்படும்.

குன்று தீவான வகை

எலிபெண்டா கடலிலிருந்து எழுந்த தீவன்று. கடலால் சூழப்பட்ட குன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், உலகின் பெரும்பனிக் காலம் உச்சத்தில் இருந்தபோது, நீரின் பெரும்பகுதி நிலத்தின்மீது பனியாக உறைந்து கிடந்தது. அப்போது கடல்மட்டம் இன்றுள்ளதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மும்பைத் துறைமுகத்தின் இயற்கையான ஆழம் இதில் ஒரு சிறு பங்கே ஆதலால், இன்று படகு செல்லும் பரப்பு அன்று உலர்ந்த நிலமாக இருந்தது என்பது தெளிவு. பனி உருகக் கடல் உயர்ந்து, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கியது. தாழ்நிலங்கள் மூழ்கின, குன்றுகள் தீவுகளாயின.

மும்பை நகரமும் இவ்வாறு தோன்றிய ஏழு தீவுகளின் தொகுதியே. அத்தீவுகளை மனிதன் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அணையிட்டும் மண்கொட்டியும் ஒன்றாக இணைத்தான். எலிபெண்டா இணைக்கப்படாமல் எஞ்சியது. ஆகவே மாட்டுங்காவின் பழைய நில அமைப்பு எவ்வாறு இருந்திருக்கும் என்பதை ஊகித்து அறிவதற்கு இத்தீவு ஒரு சான்றாகப் பயன்படும்.

சேறும் அதில் வாழும் உயிர்களும்

படகு தீவை நெருங்கும்போது, குளிர்காலமாயின், பழுப்புத்தலைக் கடற்காகங்கள் கூட்டமாகப் பின்தொடரும். இவை மத்திய ஆசியாவின் உயர்ந்த ஏரிக்கரைகளில் இனம் பெருக்கி, குளிர்காலத்தைக் கழிப்பதற்கு நம் கரைகளுக்கு வருபவை. பயணிகள் வீசும் பொரியையும் பிஸ்கோத்தையும் பிடித்து உண்ணும் பழக்கம் இவற்றுக்கு ஏற்பட்டுவிட்டது. வேடிக்கையாகத் தோன்றினும் அவ்வுணவு அவற்றுக்கு ஏற்றதன்று. மாணவர் அவற்றை எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும், உணவு வீசாதிருக்கட்டும்.

சேந்த்பந்தர் துறையில் இறங்கி, நீண்ட மேடைவழியே கரையை நோக்கி நடக்கையில் இருபுறமும் சேற்று நிலத்தைக் காணலாம். பாறை சிதைந்து உண்டான நுண்ணிய மண்ணும், ஆறுகளும் கழிகளும் கொணரும் வண்டலும், அலைவேகம் குறைந்த இவ்விடத்தில் படிந்து சேறாகின்றன. அச்சேற்றில் நிற்பவை அலையாத்தி எனவும் வழங்கப்படும் கண்டல் மரங்கள். பிச்சாவரத்தையோ முத்துப்பேட்டையையோ கண்டவர்களுக்கு இவை புதியன அல்ல.

சாதாரண மரமொன்றை இச்சேற்றில் நட்டால் அது இரு காரணங்களால் மடியும்: வேருக்குக் காற்றுக் கிடையாது, நீரில் உப்பு மிகுதி. மும்பைக் கரையில் மிகுதியாகக் காணப்படும் அவிசென்னியா என்னும் கண்டல் மரம் இவ்விரண்டையும் வென்றிருக்கிறது. அதன் மூச்சு வேர்கள் எழுதுகோல்களை நட்டு வைத்ததுபோல் சேற்றிலிருந்து நிமிர்ந்து மேலெழுகின்றன. நீர் வற்றும் வேளையில் அவற்றின் துளைகள் வழியாகக் காற்று உட்செல்கிறது. உடலுக்குள் புகுந்த உப்பை இலைகள் வெளியேற்றுகின்றன. இலையின்மேல் வெண்பொடிபோல் படிந்திருக்கும் உப்பை மாணவர் விரலால் தொட்டுச் சுவைத்தே அறியலாம். இதன் விதை, தாய்மரத்திலேயே முளைவிடத் தொடங்கிய பின்னரே விழுகிறது. ஆதலின் அடுத்த ஓதம் அடித்துச் செல்லுமுன் வேரூன்றும் வாய்ப்பு அதற்கு மிகுதி.

நீர் வற்றிய சேற்றைச் சில நிமிடம் அசையாமல் நின்று நோக்கினால் அது உயிர்த்தெழுவதைக் காணலாம். ஒரு கொடுக்கு மட்டும் உடலளவுக்குப் பெரிதாயுள்ள ஆண் நண்டுகள் வளைவாயிலில் நின்று அக்கொடுக்கை ஆட்டும். பெண் நண்டை அழைப்பதற்கும் பிற ஆணை விலக்குவதற்கும் உரிய அறிகுறி அது. சேற்றில் தத்திச் செல்லும் சிறுமீன்கள் தம் முன்துடுப்புகளையே கால்களாக ஊன்றி நகரும். ஈரம் உள்ளவரை அவை தோல் வழியாகவும் காற்றைப் பெறுகின்றன. கரைக்கொக்கு இவற்றையே நாடி நிற்கிறது. மரம், நண்டு, மீன், கொக்கு என்னும் இச்சங்கிலியின் தொடக்கம் உதிர்ந்த கண்டல் இலையாகும். அது மட்கி நுண்ணுயிர்களுக்கு உணவாக, அவற்றை நண்டும் இறாலும் உண்ண, அவற்றைப் பிற உண்கின்றன. மும்பை மீனவரின் வலையில் விழும் இறாலுக்கும் இச்சேற்றுக்கும் உள்ள தொடர்பு இதுவே.

இத்துறைமுகத்தின் வடபாகமாகிய தாணே கழியில் நவம்பர் முதல் மே வரை ஆயிரக்கணக்கான பூநாரைகள் தங்குகின்றன. மாட்டுங்காவுக்கு அண்மையிலுள்ள சிவ்ரிச் சேற்று நிலத்திலும் அவை மேய்வதுண்டு. நீல பசும்பாசியையும் நுண்ணுயிர்களையும் வடிகட்டி உண்ணும் இவற்றின் செந்நிறம், உணவிலிருந்து கிடைக்கும் நிறப்பொருளால் வருவதாகும். தாணே கழியின் ஒரு பகுதி 2015ஆம் ஆண்டில் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது.

கரையை விட்டு மேலே ஏறினால் தாவரங்கள் மாறுகின்றன. மா, புளி, புங்கம் முதலிய மரங்கள் சரிவுகளை மூடியுள்ளன. ஆண்டுதோறும் ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்து, எஞ்சிய மாதங்களில் நிலம் வறண்டுபோவதே இம்மரங்களின் வாழ்வை வகுக்கிறது. கள்ளப்பருந்துகள் குன்றின்மேல் வட்டமிடும். படிகளில் குரங்குகள் கையிலுள்ள பொருளைப் பறிக்கும். உணவை வெளியே காட்டாதிருத்தலே அவற்றிடமிருந்து காத்துக்கொள்ளும் வழி.

குடைந்தெடுத்த கோயில்

படிகள் பலவற்றை ஏறியபின் மேற்குக் குன்றில் முதற் குகையை அடையலாம். இத்தீவில் ஏழு குகைகள் உள்ளன. அவற்றுள் ஐந்து மேற்குக் குன்றிலும் இரண்டு கிழக்குக் குன்றிலும் அமைந்துள்ளன. கிழக்குக் குன்றில் செங்கல்லாலான பழைய பௌத்த ஸ்தூபம் ஒன்றின் எச்சமும் உண்டு.

முதற் குகை முன்வாயிலிலிருந்து பின்சுவர் வரை 39 மீட்டர் நீளமுடையது. இது கட்டப்பட்டதன்று, இருந்த பாறையிலிருந்து வேண்டாததை நீக்கிப் பெற்றது. கட்டுமானத்தில் பிழையான கல்லை எடுத்துவிட்டு வேறு கல்லை வைக்கலாம். குடைவரையில் தவறிய வெட்டுக்கு மாற்றில்லை. தடித்ததும் பிளவு குறைந்ததுமான குழம்படுக்கு ஒன்றைத் தேர்ந்துகொண்ட பின்னரே சிற்பிகள் உளியை எடுத்திருக்க வேண்டும். பசால்ட்டின் நுண்பரல், முகத்தின் மெல்லிய நெளிவையும் அணிகலனின் நுணுக்கத்தையும் ஏற்கவல்லது.

தென்சுவரில் ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள மூன்று முகச் சிவவடிவம் நிற்கிறது. இதனைத் திரிமூர்த்தி எனப் பலர் கூறினும், நான்முகன், திருமால், சிவன் ஆகிய மூவரையும் குறிப்பதன்று; சதாசிவனின் முகங்களே என்பது அறிஞர் கொள்கை. நடுமுகம் அமைதியும், ஒரு பக்கம் சினமும், மறுபக்கம் மென்மையும் காட்டும். அதன் இருபுறமும் அர்த்தநாரீசுவரர், கங்காதரர் சிற்பங்களும், பிற சுவர்களில் திருமணக் காட்சி, அந்தகாசுர வதம், ஆடல்வல்லான், கயிலையை அசைக்கும் இராவணன் ஆகியவையும் உள்ளன. தமிழ் மாணவர்க்கு இக்கதைகள் எல்லாம் அறிந்தவையே.

இக்குகை ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கலசூரி மன்னர் காலத்தில் குடையப்பட்டதெனப் பல அறிஞர் கருதுகின்றனர். அம்மரபைச் சேர்ந்த கிருஷ்ணராஜனின் காசுகள் தீவில் கிடைத்திருப்பது இதற்கு வலுவூட்டும். இதற்கு அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றிக் கோயில் எடுத்ததைக் கல்வெட்டில் பொறித்தான். பசால்ட்டில் மேற்கே செய்யப்பட்ட பணியைக் கிரானைட் இனப் பாறையில் தெற்கே செய்ய முனைந்தபோது சிற்பிகள் எதிர்கொண்ட கடினத்தை, அவ்விரு கற்களையும் கையில் எடுத்துப் பார்த்த மாணவர் உணர்வர்.

துறைமுகமும் யானையும்

இத்தீவு கோயிலுக்கு முன்னரே வணிகத் துறையாக விளங்கியது. மத்தியதரைக் கடல் நாடுகளில் மதுவும் எண்ணெயும் ஏற்றப் பயன்பட்ட ஆம்போரா என்னும் இருகைச் சாடிகளின் ஓடுகள் இங்குக் கிடைத்துள்ளன. அத்தகைய ஓடுகள் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டிலும் கிடைத்தமை நாம் அறிந்ததே. இரண்டாம் புலிகேசி வென்றதாக 634ஆம் ஆண்டைச் சார்ந்த ஐகோளேக் கல்வெட்டு கூறும் புரி என்னும் மேலைக் கடல் நகரம் இதுவே என்பாரும் உளர்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இங்கு வந்தபோது, தீவின் தென்கரையில் ராஜ்பந்தர் அருகே பெரிய கல்யானை ஒன்று நின்றது. அதனைக் கண்டு அவர்கள் இட்ட பெயரே எலிபெண்டா. அந்த யானை 1814ஆம் ஆண்டில் தலையும் கழுத்தும் முறிந்து வீழ்ந்தது. 1864ஆம் ஆண்டில் அதனை அகற்ற முயன்றபோது அது மேலும் உடைந்தது. துண்டுகள் பைக்குளாவிலுள்ள பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றிணைக்கப்பட்டன. இன்று அது பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தின் அருகில் நிற்கிறது. தீவுக்குப் பெயர் தந்த யானை தீவில் இல்லை. மாட்டுங்கா என்னும் ஊர்ப்பெயரும் யானையைக் குறிக்கும் மாதங்கம் என்ற சொல்லிலிருந்து வந்ததென்று கூறுவர்.

போர்த்துக்கேயர் கவர்ந்து சென்றவற்றுள் பெரிய இழப்பு ஒரு கல்வெட்டாகும். குகையிலிருந்த எழுத்துப் பொறித்த கல்லொன்று போர்த்துகலுக்கு அனுப்பப்பட்டு மறைந்துபோயிற்று. குகையைச் செய்வித்தவன் யார் என்பதை நேரே சொல்லியிருக்கக்கூடிய சான்று அது. இன்று காசுகளையும் சிற்பப் பாணியையும் கொண்டு ஊகிக்க வேண்டியிருப்பது அந்த ஒரு கல் காணாமற்போனதனாலேயே.

அழிவின் காரணங்களும் காப்பு முறைகளும்

சிற்பங்களின் கைகால்கள் உடைந்து கிடப்பதைக் கண்டு, போர்த்துக்கேயர் துப்பாக்கியால் சுட்டழித்தனர் என்று வழிகாட்டிகள் கூறுவர். மனிதர் செய்த சேதம் உண்மையே. ஆனால் அதனை மட்டும் காரணமாகக் கூறிவிட்டு நின்றால் இன்றும் தொடரும் சேதத்தைக் காணத் தவறுவோம். கரையில் மாணவர் குறித்துக்கொண்ட வெடிப்புகளை இங்கு நினைவூட்ட வேண்டும். மழைநீர் குன்றின்மேலிருந்து இவ்வெடிப்புகள் வழியாகக் கசிந்து கூரையையும் சுவரையும் நனைக்கிறது. நீரில் கரைந்த உப்புகள் உலரும்போது படிகமாகிப் பாறையின் மேற்பரப்பை உதிர்க்கின்றன. கடற்காற்றும் உப்பைக் கொணர்கிறது. தூண்கள் பல பிற்காலத்தில் புதுக்கப்பட்டவை. குகை மண்டபத்தில் தூணடிகளும் மேற்பகுதிகளும் நிறத்தில் வேறுபடுவதைக் கூர்ந்து நோக்குவோர் அறியலாம். கல்லைக் குடைவதற்கு ஏற்றதாக்கிய பிறப்பே அதன் வெடிப்பிற்கும் காரணமாயிற்று.

1987ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இக்குகைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 1958ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி இங்குக் கல்லை உடைப்பதும் பெயர் பொறிப்பதும் தண்டனைக்குரிய குற்றமாகும். ஆதலின் மாதிரிக் கல் வேண்டுவோர் மும்பையில் கட்டட வேலையிலிருந்து ஜல்லியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். தீவிலிருந்து ஒரு துண்டும் எடுத்தலாகாது.

கரையின் நிலையும் எளிதன்று. 2010 ஆகஸ்டு 7 அன்று மும்பைத் துறைமுகத்தை அடுத்து இரு கப்பல்கள் மோதியதில், எம்.எஸ்.சி. சித்ரா என்னும் கப்பலிலிருந்து எரியெண்ணெய் கசிந்தது. எலிபெண்டா உள்ளிட்ட கரைகளின் கண்டல் மரங்களில் அது படிந்தது. மூச்சு வேரின் துளைகளை எண்ணெய் அடைத்தால் மரம் மூச்சுத்திணறும். மூச்சு வேரின் பணியைக் கற்ற மாணவர்க்கு இதனை மேலும் விளக்கத் தேவையில்லை. பிளாஸ்டிக்குப் பைகள் அவ்வேர்களைச் சுற்றிக்கொள்வதும் அதே விளைவையே தரும். 2005ஆம் ஆண்டில் மும்பை உயர் நீதிமன்றம் மகாராட்டிரத்தில் கண்டல் காடுகளை அழிப்பதற்குத் தடை விதித்தது. தடையை நிறைவேற்றுவதில் கள ஊழியரின் கண்ணும் மக்களின் அறிவும் துணைபுரிய வேண்டும்.

இத்தீவு காட்சிப்பொருள் மட்டுமன்று என்பதையும் நினைவில் கொள்க. சேந்த்பந்தர், மோராபந்தர், ராஜ்பந்தர் என்னும் மூன்று சிற்றூர்களில் மக்கள் வாழ்கின்றனர். ஒளிவெள்ளத்தில் மிதக்கும் மும்பைக்கு எதிரே இருந்தும், 2018 பிப்ரவரியில் கடலடிக் கம்பி வழியே மின்சாரம் வரும்வரை, மாலையில் சில மணி நேரம் இயங்கும் டீசல் எந்திரத்தையே அவர்கள் நம்பியிருந்தனர். படகோட்டுதல், கடை, மீன்பிடிப்பு ஆகியவற்றால் அவர்கள் வாழ்கின்றனர். தீவைக் காக்கும் எந்தத் திட்டமும் அவர்களைத் துணையாகக் கொண்டால்தான் நிலைக்கும்.

வகுப்பறைக்கு வேண்டியவை

பயணத்திற்கு முன்னரும் பின்னரும் செய்யத்தக்க எளிய பயிற்சிகள் சிலவற்றை இங்குக் குறிப்பிடலாம்.

1. பசால்ட் ஜல்லி ஒன்றைச் சுத்தியால் நொறுக்கித் தூளாக்கி, காகிதத்தின்மேல் பரப்பி, அடியில் காந்தத்தை நகர்த்துக. சில துகள்கள் காந்தத்தைத் தொடர்ந்து நகரும். பாறையிலுள்ள காந்த இரும்புக் கனிமமே இதற்குக் காரணம். நொறுக்குவோர் கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும்.

2. தீவை அடைந்தவுடன் துறைமேடையின் தூண் ஒன்றில் நீர்மட்டத்தை அடையாளம் கண்டு நேரத்தைக் குறிக்க. திரும்பும்போது மீண்டும் குறிக்க. வேறுபாட்டை ஓத அட்டவணையுடன் ஒப்பிடுக.

3. ஒரு மீட்டர் சதுரச் சேற்றுப் பரப்பில் உள்ள மூச்சு வேர்களையும் நண்டு வளைகளையும் மேடையிலிருந்தே எண்ணுக. சேற்றில் இறங்குதல் கூடாது.

4. குகையில் நீர்க்கசிவுத் தடங்கள் உள்ள இடங்களைத் தரைப்படத்தில் குறித்து, சிதைந்த சிற்பங்கள் அவற்றுக்கு எவ்வளவு அண்மையில் உள்ளன என்று ஆராய்க.

5. எண்ணிய பறவைகளையும் கண்ட மரங்களையும் நாள், நேரம், ஓத நிலை ஆகியவற்றுடன் ஒரு பதிவேட்டில் எழுதுக. ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே திதியில் வேறொரு வகுப்பு சென்று எழுதுமாயின், பத்தாண்டில் அப்பள்ளியின் பதிவேடு ஓர் அறிவியல் ஆவணமாக மதிப்புப் பெறும்.

இறுதியாகக் கூறிய பயிற்சியே இவற்றுள் தலையாயது. பாறை உருவாக இலட்சக்கணக்கான ஆண்டுகளும், கடல் சூழ ஆயிரக்கணக்கான ஆண்டுகளும், கோயிலைக் குடையச் சில தலைமுறைகளும் ஆயின. காணாமற்போன கல்வெட்டு நமக்குக் கற்பிப்பது ஒன்றே: எழுதி வைத்தது பிழைத்தால் பின்வருவோர் அறிவர், இல்லையேல் ஊகிப்பர். மாட்டுங்காவின் பள்ளியொன்றில் தொடங்கும் சிறு பதிவேடும் அத்தீவைப் பற்றிய நம்பத்தக்க சான்றாக நிலைபெறலாம்.